'முடியாது' வேறு, 'விடமாட்டேன்' வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன், மூன்றாம் நாள் முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், ஒரு விளையாட்டின் உயர்தர கிராபிக்ஸுக்கு உங்கள் கணினியில் 'சப்போர்ட் இல்லை' என்று வந்தால் புதுசு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதியவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் இருபது வருஷமாக சொந்தக்காரர்கள் வீட்டில் எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் எனக்குத்தான் போன் வரும், கல்யாண வீட்டில்கூட பந்திக்குப் போகும் முன் யாராவது ஒருத்தர் லேப்டாப்பைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கட்டுரை வந்த அதே வாரம் என் அக்கா பையனோடு ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துவிட்ட நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் பெட்டியை வாங்கி, 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டை, அதாவது திரைக்குப் படம் வரைந்து தரும் பலகையை, போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஃபால்அவுட் 4 என்ற விளையாட்டுக்கு 2017-ல் அந்த நிறுவனமே இலவசமாக வெளியிட்ட உயர்தர டெக்ஸ்சர் தொகுப்பு, அதாவது சுவர், தரை மேல் ஒட்டும் நுணுக்கமான படங்களின் தொகுப்பு, ஒன்று உண்டு. அதைப் போட ஆசை. அதற்கு 8 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1080 கார்டு இருந்தால் நல்லது என்று பரிந்துரை எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கார்டின் பெயரைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார், "இதுக்கெல்லாம் இது சப்போர்ட் ஆகாது தம்பி, போர்டு, பிராசசர், கார்டு எல்லாம் சேர்த்து மாத்திடுங்க" என்று ஒரு சின்னத் தாளில் எழுபதாயிரத்துச் சொச்சம் எழுதி நீட்டினார். பையன் என் முகத்தைப் பார்த்து, "மாமா, இஎம்ஐ போட்டுக்கலாமா?" என்கிறான். வாங்கிக் கையில் வைத்திருந்த லெமன் ஜூஸ் எனக்குப் புளித்துப்போனது.

'சப்போர்ட் இல்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஒன்று, அந்தக் கார்டால் உண்மையிலேயே முடியாது. இன்னொன்று, முடியும், ஆனால் நாங்கள் விடமாட்டோம். முடியாது என்பதற்கும் விடமாட்டேன் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நம் ஊர் ஆபீஸ்களில் கவுண்டர் முன்னால் நின்ற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது இன்று நேற்று வந்ததல்ல. ஃபார் கிரை என்ற விளையாட்டு 2004-ல் வந்தது. அடுத்த வருஷம் 64 பிட் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, அதில் ஓடுவதற்கு பேட்ச் என்கிற திருத்தக் கோப்பு ஒன்று, கூடவே தனிக் காட்சித் தொகுப்பு ஒன்று, இரண்டையும் விட்டார்கள். கூடுதல் செடிகொடி, நுணுக்கமான பாறை, தூரத்துத் தீவுகூடத் தெளிவாகத் தெரியும் பார்வை எல்லாம் அதில் உண்டு. ஏஎம்டி என்ற சிப் நிறுவனத்தின் 64 பிட் சிப்பின் பெயரைச் சொல்லித்தான் அதை விளம்பரமும் செய்தார்கள். அப்போது பெரம்பூரில் நாங்கள் உட்காரும் பிரவுசிங் சென்டரில் ஏஎம்டி அத்லான் 64 பெட்டியே ஒன்று இருந்தது, ஆனால் அதில் ஓடியது சாதாரண 32 பிட் எக்ஸ்பி. ஆக சிப் ரெடி, விண்டோஸ் இல்லை, அதனால் கிடையாது. 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபி வரைதான் நினைவக இடம் கிடைக்கும், 64 பிட்டில் அந்தத் தடை இல்லை, இது உண்மையான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் பெட்டிகளில் இருந்த மொத்த ரேமே 512 எம்பி, பெரிய மனசு பண்ணினால் 1 ஜிபி. தொகுப்புக்குள் இருந்தவையோ படங்கள், உருவங்கள், நிலப்பரப்புக் கோப்புகள். படத்துக்கு 32 பிட் ஏது, 64 பிட் ஏது? கொஞ்ச நாளில் வெளியாட்கள் அந்தத் தொகுப்பை 32 பிட் எக்ஸ்பியிலேயே ஓடும்படி மாற்றிவிட்டார்கள். ஓடியது. அந்த விளையாட்டின் பெரிய கோப்புகளே பெயர் மாற்றிய ஜிப் கோப்புகள்தான் என்று தெரிந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சென்டர்காரர் எழுந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ஃபார் கிரையைச் செய்த அதே ஆட்கள் 2007 நவம்பரில் கிரைசிஸ் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். இது என் சொந்தக் கணினி, சொந்த ராத்திரி, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் ஜிஃபோர்ஸ் 8600 ஜிடி கார்டு. டைரக்ட்எக்ஸ் 10, அதாவது விளையாட்டு கார்டோடு பேச விண்டோஸ் தரும் மொழி, தெரிந்த கார்டுதான், ஆனால் டைரக்ட்எக்ஸ் 10 வேண்டுமானால் விண்டோஸ் விஸ்டா வேண்டும், எக்ஸ்பிக்கு அது கிடையாது. கிரைசிஸின் செட்டிங்ஸில் லோ, மீடியம், ஹை மூன்றும் பளிச்சென்று இருக்கும், 'வெரி ஹை' மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக்கிடக்கும், எக்ஸ்பியில் மௌஸை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தத் தரங்களின் எண்கள் எல்லாம் கான்ஃபிக் ஃபோல்டரில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கிடக்கின்றன என்று. நோட்பேடில் திறந்து, உச்ச தரத்துக்கான எண்களை 'ஹை' என்ற பகுதியில் ஒட்டிவிட்டு, விளையாட்டுக்குள் போய் 'ஹை' என்று தேர்வு செய்ய வேண்டியது. அவ்வளவுதான். ஒரு பைசா செலவில்லை, எதையும் உடைக்கவுமில்லை.

காலை நேரக் கடற்கரை. தென்னை மட்டைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக இறங்குகிறது, நான் தலையைத் திருப்பத் திருப்ப அந்தக் கோடுகளும் நகர்கின்றன. விஸ்டா வாங்கினால்தான் தெரியும் என்று சொல்லப்பட்ட வெயில் பெரம்பூரில் எக்ஸ்பியில் அடித்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், படம் நகரவில்லை, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்கிற ஃபிரேம் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். ஸ்லைடு ஷோ மாதிரி. அப்புறம் ஒவ்வொரு கோப்பாகப் பழைய எண்களைத் திரும்ப வைத்தேன், நிழலைக் குறைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன், அந்த வெயில் கோட்டை மட்டும் விடவில்லை. 1024-க்கு 768-ல் நிம்மதியாக ஆடினேன்.

பூட்டு போடும்போது பத்து அம்சங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பூட்டிவிடுகிறார்கள், இதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது. பத்தில் எட்டு என் கார்டுக்குப் பாரம், ஒத்துக்கொள்கிறேன். இரண்டை அது சுமக்கும். மூட்டையைப் பிரித்துக் கொடுத்தால் வேண்டியதை நானே எடுத்துக்கொள்வேன். ஹோட்டலில் சாப்பாடு முழுசாக வேண்டாம், ரசம் சாதம் மட்டும் போதும் என்று கேட்பது குற்றமா?

விட்டுப்பார்த்த நிறுவனங்களும் உண்டு. ரே டிரேசிங், அதாவது ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கதிர் கதிராகக் கணக்குப் போடும் முறை, 2018-ல் என்விடியா என்ற கார்டு நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் கார்டுகளோடுதான் விளையாட்டுகளுக்குள் வந்தது. அதற்கென்றே தனிப் பகுதி அந்தச் சிப்பில் இருக்கிறது. ஆனால் 2019 ஏப்ரலில் அதே நிறுவனம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், ஒன்றை வெளியிட்டு, ஜிடிஎக்ஸ் 1060-ன் 6 ஜிபி கார்டு முதல் மேலே உள்ள பழைய கார்டுகளுக்கும் அதைத் திறந்துவிட்டது. தனிப் பகுதி இல்லாததால் சாதாரணப் பகுதியே அந்தக் கணக்கையும் போட வேண்டும், மூச்சு வாங்கும், மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டுமே! மெதுவாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒருவன் புதுக் கார்டு வாங்கினால் அது அவன் முடிவு. அந்தத் திறப்புக்குப் பின்னால் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் கதை இதற்கு நேர் எதிர். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே இன்னொன்றைச் செயற்கையாகச் செருகும் வித்தை அது. 2022-ல் என்விடியா அதை 40 வரிசை கார்டுகளுக்கு மட்டும் என்று கொண்டுவந்தது. பழைய கார்டில் அதற்கான பகுதி போதிய வேகமில்லை என்று காரணமும் சொன்னது. அடுத்த வருஷமே ஏஎம்டி தன் பாணியில் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 3-ஐக் கொண்டுவந்தது, அது பழைய கார்டுகளிலும், போட்டி நிறுவனத்தின் கார்டுகளிலும்கூட ஓடியது. உடனே தனி ஆட்கள் ஒன்றிரண்டு கோப்புகளை மாற்றிவைத்து, 40 வரிசைக்கென்று எழுதிய விளையாட்டுகளில் 20, 30 வரிசைக் கார்டுகளுக்கு எஃப்எஸ்ஆர் வழியாக அந்த வசதியை வரவழைத்துவிட்டார்கள். அதுவும் இதுவும் தரத்தில் ஒன்றல்ல, வேகமாக நகரும் காட்சியில் ஓரங்கள் கலங்கும். ஆனால் 'இல்லவே இல்லை' என்பதற்கும் 'கொஞ்சம் கலங்கும்' என்பதற்கும் நடுவில் ஒரு புதுக் கார்டின் விலை இருக்கிறது.

சரி, உண்மையிலேயே முடியாது என்கிற இடமும் உண்டா என்றால் உண்டு, அதை அக்கா பையன் வீட்டிலேயே பார்த்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து தாள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோமா, அன்று ராத்திரியே அந்தத் தொகுப்பை டவுன்லோடு போட்டுவிட்டான். 58 ஜிபி. அதற்குப் பூட்டு கிடையாது, பரிந்துரை மட்டும்தான், யார் வேண்டுமானாலும் போடலாம். விடிந்ததும் போன். "மாமா, ஓடுது!" என்றான். மத்தியானம் இன்னொரு போன், குரல் இறங்கியிருந்தது. வெட்டவெளியில் நன்றாக இருக்கிறதாம், பாஸ்டன் நகரத் தெருக்களுக்குள் நுழைந்தால் படம் நின்று நின்று வருகிறதாம், சில சுவர்கள் முதலில் களிமண் பூசியது மாதிரி மங்கலாக வந்து அப்புறம்தான் தெளிகிறதாம். சாயங்காலம் நேரில் போய்ப் பார்த்தேன். கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரை மூலையில் காட்டும்படி செய்தோம். வெளியில் 3.4, 3.5. தெருவுக்குள் கால் வைத்ததும் 3.9, அதோடு முட்டிக்கொண்டு நிற்கிறது, அதே நொடி படம் திக்குகிறது.

இது விடமாட்டேன் இல்லை, முடியாது. கணக்கு எளிது. ஒரு டெக்ஸ்சரின் அகலம் 2048 புள்ளியிலிருந்து 4096 ஆனால் உயரமும் அப்படியே இரண்டு மடங்காகும், மொத்தத்தில் நான்கு மடங்கு. சுருக்கப்பட்ட ஒரு படம் 4 எம்பி என்றால் அதுவே 16 எம்பி ஆகிவிடும். ஒரு தெருவில் சுவர், கதவு, குப்பைத்தொட்டி, துருப்பிடித்த கார் என்று நூற்றுக்கணக்கில் வேண்டும். 4 ஜிபியில் இடம் போதாததை ரேமிலிருந்து மாற்றி மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும், அந்த நேரத்தில்தான் திக்கல். எந்தக் கான்ஃபிக் கோப்பைத் திருத்தினாலும் நாலு குடம் தொட்டியில் எட்டுக் குடம் நிற்காது.

அதற்கும் வழி இருந்தது. அந்தத் தொகுப்பை எடுத்துவிட்டு, ஆர்வலர்கள் செய்து வைத்திருக்கும் சிறிய தொகுப்பு ஒன்றைப் போட்டோம். எங்கே கண் போகுமோ அங்கே மட்டும் பெரிய படம், தூரத்துக் கூரைக்கும் தரைக்கும் சின்னதே போதும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. பெரிய நிறுவனம் 58 ஜிபியில் கொட்டியதைவிட அந்தப் பெயர் தெரியாத ஆளின் சில ஜிபி அவன் கார்டில் அழகாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, அவனுக்கு அசல்தான் வேண்டும்.

சில இடங்களில் பூட்டுக்கு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்கிறான் என்று அடுத்த வாரம் யாராவது எனக்குப் பதில் கடிதம் எழுதுவார்கள். வாலரன்ட் மாதிரி ஆன்லைன் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (Secure Boot) என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். அங்கே போய்க் கோப்பை மாற்றினால் கணக்கையே முடக்குவார்கள், அது சரிதான், எதிரே ஆடுகிறவனும் மனுஷன். நான் பேசுவது காசு கொடுத்து வாங்கி, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடும் விளையாட்டைப் பற்றி. வாங்கிய சட்டையின் கையை மடித்துத் தைத்துக்கொள்வது மாதிரி.

இன்னொன்று, இதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். 'அன்லாக்கர்' என்ற பெயரில் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக வருவது, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் திற என்று சொல்வது, இவற்றைத் தொடவே கூடாது. அக்கா பையனின் நண்பன் ஒருத்தன் அப்படி ஒன்றைத் திறந்து, வாங்கிய விளையாட்டுகள் இருந்த கணக்கு மொத்தத்தையும் பறிகொடுத்தான், மீட்க மூன்று வாரம் ஆயிற்று. நோட்பேடில் திறந்து படிக்க முடிகிற கோப்பு என்றால் ஒருவிதத் தைரியம். என்ன மாற்றுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். அப்போதும் அசல் கோப்பை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். நான் 2007-ல் பிரதி எடுக்காமல் கை வைத்தவன், விளையாட்டை இரண்டு முறை முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தவன்.

சென்னைக்காரர்களுக்கு மட்டுமான ஒரு சங்கடமும் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் தேவைப் பட்டியலிலும் கத்திரி வெயில் கிடையாது. மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், ஏசி இல்லாமல், பழைய கார்டைத் தாங்காத செட்டிங்ஸில் ஓட்டினால் அது 80 டிகிரியைத் தாண்டித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜனவரியில் சரியாக ஓடியது மே மாசத்தில் திக்கினால் கார்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை, முதலில் விசிறியில் அடைந்த தூசியைத் தட்டுங்கள். கரண்ட் கணக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்: மொத்தப் பெட்டி 250 வாட் இழுத்தால் நாலு மணி நேர ஆட்டத்துக்கு ஒரு யூனிட். தினமும் ஆடினால் இரண்டு மாசத்துக்கு 60 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் வேற்றுக்கிரகத்து நிழலுக்கே போய்விடும் என்று அக்கா புலம்புவதில் நியாயம் உண்டு.

உங்களிடம் கேட்பது இதுதான். கட்டுரை எழுதுகிறவர் அடுத்த முறை 'சப்போர்ட் இல்லை' என்று எழுதும் முன், ஏன் இல்லை என்று ஒரு வரி கேட்டு எழுதட்டும். கார்டில் அதற்கான பகுதி இல்லையா, நினைவகம் போதாதா, விண்டோஸ் பதிப்பு பழசா, இல்லை சும்மா பட்டியலில் பெயர் இல்லையா? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அக்கா பையனுடைய மாதிரி நாலாம் தலைமுறைப் பெட்டிகள் ஊரில் எத்தனை இருக்கும்! அவற்றுக்குள் இருக்கும் கார்டு இன்னும் நன்றாக உழைக்கும். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிதான் எங்கள் அக்கா வீட்டின் முதல் கணினி, அது பத்து வருஷம் ஓடியது. அப்படிப்பட்ட வீட்டிலும் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள். லட்ச ரூபாய்க் கணினியில் ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனத்தோடு, ஏழு வருஷப் பழைய கணினி ஒன்றிலும் ஓட்டி, எந்த இரண்டு செட்டிங்ஸைக் குறைத்தால் மூச்சு வரும் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் எத்தனை பேருக்கு இஎம்ஐ மிச்சமாகும்.

கடைக்காரர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை அக்கா பையன் இன்னும் பர்ஸிலேயே வைத்திருக்கிறான். நேற்றுக்கூட எடுத்துப் பார்த்தான். செமஸ்டர் முடியட்டும், பழைய 8 ஜிபி கார்டு ஒன்று தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பெரம்பூர், சென்னை - 11